இருமுறை திரும்பி வந்த நாய்

"நமக்கு ஒரு நாய்க்குட்டி வேண்டும்" என்று பிள்ளைகள் கேட்கும் நாள் பல இல்லங்களில் ஒரு முறையேனும் வந்தே தீரும். அந்நாளில் பெற்றோர், விலை கொடுத்து ஒரு குட்டியை வாங்கி வருவர். அல்லது "கூடாது" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவர். மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. காப்பகத்தில் அடைக்கலம் பெற்றிருக்கும் நாய்க்கு வீடு தருவதே அது.

சென்னையில் 1959-இல் விமானி கேப்டன் வி. சுந்தரம் 'புளூ கிராஸ்' சங்கத்தைத் தொடங்கிய காலத்தில், தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதே மாநகராட்சியின் வழக்கம். 1996-இல்தான் அது கைவிடப்பட்டு, கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடும் முறை வந்தது. 2001-இல் அதுவே நாடெங்கும் விதியாயிற்று. ஆயினும் வண்டியில் அடிபட்டுக் காலிழந்தவை, வளர்த்தவராலேயே கைவிடப்பட்டவை ஆகியன தெருவுக்குத் திரும்ப இயலாமல் காப்பகங்களிலேயே தங்கிவிடுகின்றன.

நாம் அழைத்து வந்தது அத்தகைய ஒன்று. செம்பழுப்பு நிறம், நான்கு வயதிருக்கும். காதின் நுனி வெட்டுண்டிருந்ததைப் பழைய காயம் என்றெண்ணினோம். கருத்தடை ஆனதற்கு அடையாளம் என்றார் காப்பாளர். முன்பே இருமுறை வீடு சென்று திரும்பியதாம். இரவில் ஊளையிடுகிறது என்று ஒரு குடும்பம். வீட்டுக்காரர் ஒப்பவில்லை என்று மற்றொன்று.

"வாடகை வீடா ஐயா? வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டீர்களா? ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள்?" என்று அவர் அடுக்கடுக்காகக் கேட்டபோது நமக்குச் சற்றுச் சினமே வந்தது. பெண் கொடுக்கும் தகப்பனாரும் இத்தனை கேட்கமாட்டாரே! ஒன்றாம் வகுப்பில் சேரும் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும் வரை ஒரு நாய் உயிர் வாழக்கூடும் என்று அவர் சொன்ன பிறகே, அக்கேள்விகளின் நியாயம் விளங்கிற்று.

முதல் மூன்று நாளும் அது கட்டிலின் அடியிலேயே கிடந்தது. சோற்றைத் தொடவில்லை. பிள்ளைகளோ இழுத்து அணைக்கத் துடித்தனர். அவர்களைத் தடுப்பதே பெரும்பாடாயிற்று. தட்டையும் தண்ணீரையும் அருகில் வைத்துவிட்டு விலகி நின்றோம். அதன் கண்ணை உற்று நோக்கவில்லை, உண்ணும்போது நெருங்கவில்லை, நாள்தோறும் ஒரே நேரத்தில் வெளியே அழைத்துச் சென்றோம். நான்காம் இரவு, எல்லாரும் உறங்கிய பின், தட்டு நகரும் ஓசை கேட்டது. எழுந்து விளக்கேற்ற ஒருவருக்கும் மனம் வரவில்லை.

வளர்ந்த நாய் பழகாது என்பர் பலர். நம் அனுபவம் வேறு. குட்டியின் குணம் பின்னர்தான் தெரியும். வளர்ந்ததன் குணத்தைக் காப்பாளரே சொல்லிவிடுவார். வெங்காயம், திராட்சை, சாக்லேட் ஆகியவற்றைக் கண்ணிலும் காட்டலாகாது. வேகவைத்த எலும்பும் ஆபத்தே. மருத்துவர் குறிக்கும் நாளில் தடுப்பூசி தவறாமல் போடவேண்டும். எந்த நாய் கடித்தாலும், பல் கீறினாலும், சோப்பிட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். இதில் வீட்டு நாய், தெருநாய் என்ற பேதமில்லை.

தீபாவளி இரவுதான் கடினமாயிருந்தது. வெடியொலி கேட்டு அது நடுங்கியது. கதவு சன்னல்களை அடைத்து, வானொலியை உரக்க வைத்து, வீட்டுத் தலைவியார் விடியும்வரை அதனருகே தரையில் அமர்ந்திருந்தார். "நாய் வேண்டாம்" என்று முதலில் சொன்னவரும் அவரே.

ஆறு மாதம் கழித்துக் காப்பாளர் பார்க்க வந்தார். அவரைக் கண்டதும் வாலாட்டும் என்று எதிர்பார்த்தோம். அதுவோ பாய்ந்தோடிக் கட்டிலின் அடியில் பதுங்கிக்கொண்டது. மீண்டும் அழைத்துப்போக வந்தார் என்று அஞ்சியது போலும். அவர் சிரித்துவிட்டார், காப்பி அருந்தி விடைபெற்றார். வெளிவாயில் தாழ்ப்பாள் விழும் ஓசை கேட்ட பிறகே அது மெல்ல வெளியே வந்தது.