ஒரே அளவு, இரண்டு வாய்!

இருங்காட்டுக்கோட்டை என்றால் 1998 முதல் அங்கே உருவாகும் ஹூண்டாய் கார்தான் நினைவுக்கு வரும். காருக்கு உதிரிபாகம் கடையும் அந்த வட்டாரத்துக்கு ஒரு சின்ன ஸ்பானர் வேலை!

'பிக்ஸட் கியர்' சைக்கிளில் ப்ரீவீல் கிடையாது. சக்கரம் சுழலும்வரை பெடலும் சுழலும். காலை இறுக்கித்தான் வேகத்தைக் குறைக்கவேண்டும். பின் அச்சு நட்டு தளர்ந்தால் சக்கரம் முன்னால் இழுபடும். செயின் தொய்ந்து கழலும். கைப்பிரேக்கும் இல்லாவிட்டால் ஓட்டுபவர் கதி அதோகதிதான்!

அந்த நட்டு பெரும்பாலும் 15 மில்லிமீட்டர். பெடலுக்கும் பெரும்பாலும் அதே 15! ஒரே துளை போதுமே என்பீர்கள். போதாது, ஐயா! நட்டின் ஆறு முகத்தையும் கவ்வ மூடிய வளையம் வேண்டும். பெடலுக்கும் கிராங்குக்கும் நடுவே அந்த வளையம் நுழையாது. மெல்லிய திறந்த வாய்தான் நுழையும்.

அப்புறம் பிடி. 20 சென்டிமீட்டர் பிடியின் நுனியில் 20 கிலோ அழுத்தினால் போதுமென்றால், பைக்கு அடங்கட்டும் என்று அதைப் பாதியாக்கும்போது 40 கிலோ அழுத்தவேண்டும். நம்மூர் டம்பெல் ஸ்பானர் கைக்கு அடக்கந்தான். இந்த நட்டிடம் அதன் ஜம்பம் பலிக்காது.