இளையோரில் உளப்பிறழ்வின் தொடக்க அறிகுறிகளும் தமிழாக்க வினாப்பட்டியல்களும்

சைக்கோசிஸ் எனப்படும் உளப்பிறழ்வு, ஒருவர் உண்மைக்கும் கற்பனைக்கும் இடையிலான வேறுபாட்டை உணர முடியாமல் போகும் நிலையாகும். பிறருக்குக் கேட்காத குரல்கள் கேட்பதும், ஆதாரமற்ற சந்தேகங்கள் உறுதியான நம்பிக்கையாவதும் இதன் முதன்மை அறிகுறிகள். மனச்சிதைவு நோய் இதில் ஒரு வகை. பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதியிலும் இருபதுகளிலும், அதாவது கல்லூரிப் பருவத்தில், இது தொடங்குகிறது. சிகிச்சை தாமதமானால் மீட்சி கடினமாகிறது. எனவே தொடக்க அறிகுறிகளை முன்கூட்டியே கண்டறிய வினாப்பட்டியல்கள் பயன்படுத்தப்படுகின்றன.

முன்னறிகுறிக் கட்டம்

நோய் முழுமையாக வெளிப்படுவதற்கு மாதக்கணக்கில் முன்பே சில மாற்றங்கள் தோன்றலாம். தூக்கம் கெடுதல், நண்பர்களிடமிருந்து விலகுதல், படிப்பில் நாட்டம் குறைதல், பிறர் தன்னைப் பற்றியே பேசுவதாக ஐயுறுதல் ஆகியவை அவற்றுள் சில. இந்நிலையில் உள்ளோருக்கென 1994-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் தனி மருத்துவப் பிரிவு தொடங்கப்பட்டது. பேட்ரிக் மெக்கோரி, அலிசன் யங் ஆகியோர் இதன் முன்னோடிகள். இவ்வாறு இனங்காணப்படுவோர் அனைவரும் நோயாளிகளாவதில்லை. மூன்று ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கே உளப்பிறழ்வு ஏற்படுவதாகப் பல ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது.

பி.கியூ-16 வினாப்பட்டியல்

ஒவ்வொருவரையும் மனநல மருத்துவர் விரிவாக நேர்காண்பது இயலாது. ஆகவே யாரை நேர்காண வேண்டும் என்று தெரிவு செய்யச் சுருக்கமான வினாப்பட்டியல் தேவைப்படுகிறது. 2012-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட பி.கியூ-16 அத்தகையது. இதில் 16 கூற்றுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என விடையளித்து, ‘ஆம்’ எனில் அது எவ்வளவு தொல்லை தருகிறது என்பதையும் குறிக்க வேண்டும். ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட ‘ஆம்’ வந்தால் நேர்காணலுக்கு அனுப்பப்படுவர்.

தமிழாக்கத்தில் எழும் சிக்கல்கள்

சொல்லுக்குச் சொல் மாற்றுவதால் வினாப்பட்டியல் தமிழுக்கு வந்துவிடாது. ‘தோன்றுகிறது’ என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். அது மனதில் படுவதையும் குறிக்கும். கண்ணெதிரே உருவம் தெரிவதையும் குறிக்கும். முதலாவது இயல்பான எண்ணம், இரண்டாவது மாயக்காட்சியாக இருக்கலாம். கேள்வி எதைக் கேட்கிறது என்பது விடையளிப்பவருக்குத் தெளிவாக இல்லாவிட்டால், மதிப்பெண்ணுக்குப் பொருளில்லை.

பண்பாடும் இதே அளவு முக்கியமானது. தென்காசி மாவட்டம் சுரண்டை வட்டாரத்துச் சிற்றூர்களில் சுடலைமாடன் கோயில் கொடையின்போது சாமியாடுவோர் உண்டு. சாமி தம்மிடம் பேசுவதாக அவர்கள் சொல்வதை ஊரே ஏற்றுக்கொள்கிறது. கொடை முடிந்ததும் அவர்கள் வழக்கமான வேலைக்குத் திரும்புகின்றனர். அந்த வீட்டு மாணவர் ஒருவர் ‘குரல் கேட்டதுண்டு’ என்று குறித்தால் அது நோயின் அடையாளம் என்று கொள்ள முடியாது. அந்த அனுபவம் அவரை அச்சுறுத்துகிறதா, படிப்பையும் உறவுகளையும் குலைக்கிறதா என்பதையே பார்க்க வேண்டும். மறுபுறம், உண்மையான நோயையும் ‘செய்வினை’ என்று கருதிக் குடும்பத்தினர் மாதக்கணக்கில் காத்திருப்பதும் நிகழ்கிறது.

இதனால் முறையான தமிழாக்கம் பல படிகளில் செய்யப்படுகிறது. இருவர் தனித்தனியே மொழிபெயர்ப்பர். மூலத்தைப் பார்க்காத வேறொருவர் அதை மீண்டும் ஆங்கிலமாக்குவார். வேறுபாடுகளை வல்லுநர் குழு சீர்செய்யும். பின்னர் இளைஞர் சிலரிடம் கொடுத்து, ஒவ்வொரு கேள்வியையும் அவர்கள் எவ்வாறு புரிந்துகொண்டனர் என்று சொல்லச் செய்வர். இறுதியாக, தமிழ்ப் பட்டியலின் முடிவு மருத்துவரின் நேர்காணல் முடிவோடு பொருந்துகிறதா என்று சோதிக்க வேண்டும். வேறு நாட்டில் வகுத்த ‘ஆறு’ என்னும் எல்லை இங்கும் பொருந்தும் என்று முன்கூட்டியே கொள்ளக் கூடாது.

மதிப்பெண் சொல்வதும் சொல்லாததும்

நெதர்லாந்து ஆய்வில் இப்பட்டியலின் கண்டறியும் திறன் 87 விழுக்காடு. பாதிப்பில்லாதோரைச் சரியாக விலக்கும் திறனும் 87 விழுக்காடு. அந்த ஆய்வில் பங்கேற்றோர் ஏற்கெனவே மனநல உதவி நாடியவர்கள். அவர்களிடையேகூட, எல்லையைத் தாண்டியோரில் 44 விழுக்காட்டினருக்கே நேர்காணலில் அது உறுதியானது.

பொதுவான கல்லூரியில் நிலைமை மேலும் மாறும். 1,000 மாணவர்களில் 20 பேருக்கு உண்மையான முன்னறிகுறி இருப்பதாக வைத்துக்கொள்வோம். இதே திறனுள்ள பட்டியல் அவர்களில் 17 பேரைக் கண்டறியும். 3 பேரைத் தவறவிடும். மீதமுள்ள 980 பேரில் ஏறத்தாழ 127 பேரையும் சேர்த்துச் சுட்டும். அதாவது சுட்டப்படும் 144 பேரில் 127 பேருக்கு அந்த நிலை இல்லை. தூக்கமின்மை, தேர்வு அச்சம், மனச்சோர்வு, கஞ்சா, வலிப்பு நோய் ஆகியவையும் மதிப்பெண்ணை உயர்த்தலாம். சிற்றூரில் ஒருவருக்கு ‘மனநோயாளி’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டால் படிப்பும் திருமணப் பேச்சும் பாதிக்கப்படும். எனவே வினாப்பட்டியல் அடுத்து யாரிடம் பேச வேண்டும் என்பதை மட்டுமே சொல்லும், நோயைத் தீர்மானிக்காது.

சென்னை அனுபவம்

மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் சென்னையில் தொடங்கிய மனச்சிதைவு ஆய்வு நிறுவனமான ஸ்கார்ப், தமிழ்நாட்டில் இத்துறையின் முக்கிய மையமாகும். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்துடன் இணைந்து, முதன்முறை உளப்பிறழ்வு ஏற்பட்டோரைச் சென்னையிலும் மான்ட்ரியலிலும் இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து அது ஒப்பிட்டது. பிரமை, மாயக்குரல் போன்ற அறிகுறிகள் இரு நகரங்களிலும் ஒத்த அளவில் குறைந்தன. ஆர்வமின்மை, ஒதுங்குதல் போன்றவற்றில் சென்னை நோயாளிகள் கூடுதலாக முன்னேறினர். குடும்பத்தின் ஈடுபாடு இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

கடைப்பிடிக்க வேண்டியவை

கல்லூரியில் இத்தகைய கணிப்பு நடத்துமுன் மாணவரின் ஒப்புதல் பெற வேண்டும். விடைகளை வகுப்பிலோ ஆசிரியர்களிடமோ வெளியிடக் கூடாது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோய் உள்ளவரின் விவரங்கள் இரகசியமாகக் காக்கப்படும் உரிமையை வழங்குகிறது. எல்லையைத் தாண்டியோருக்கு மருத்துவரைச் சந்திக்கும் வழி முன்பே ஏற்பாடு செய்யப்பட்டிருக்க வேண்டும். இல்லையெனில் கணிப்பு அச்சத்தை மட்டுமே விட்டுச்செல்லும்.

மதிப்பெண் எதுவாயினும், மேற்கண்ட மாற்றங்கள் சில வாரங்கள் நீடித்தால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவை அணுகலாம். 14416 என்ற டெலி மனஸ் இலவச எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசி உதவி பெறலாம்.