ஆபிரிக்க நடன மறுமலர்ச்சியும் மனித உடலும்

அடிமைப்பட்ட நாடுகள் இழந்தவற்றுள் நிலமும் மொழியுமே பெரிதும் பேசப்படும். உடலும் பறிபோயிற்று என்பதனை அத்துணை எவரும் எடுத்துரைப்பதில்லை. ஆபிரிக்கரின் உடலை உழைப்புக்குரிய பொருளாக விலைமதித்த ஐரோப்பியர், அவ்வுடல் முழவொலிக்கு ஆடியபோது அதனை அநாகரிகம் என்றனர். பாதிரிமார் பலர் பாவமென விலக்கினர். ஆகவே, அக்கண்டத்தின் பண்பாட்டு மறுமலர்ச்சி நூல்களில் மட்டுமன்றி நடன அரங்கிலும் தோன்றியமை வியப்பன்று.

இம்முயற்சியில் முன்னின்றவர் கினி நாட்டுக் கவிஞர் ஃபொதேபா கெயித்தா. 1950களின் தொடக்கத்தில் அவர் பாரிசில் அமைத்த நடனக் குழு, 1958இல் கினி விடுதலை பெற்றபின் அந்நாட்டின் தேசியக் குழுவாயிற்று. 1959இல் அக்குழு நியூயோர்க்கில் ஆடியபோது, பெண்கள் மார்பை மறையாது ஆடுதல் தகுமோ என்ற வழக்கு எழுந்தது. ஆடியவர்க்கு இயல்பாயிருந்தது கண்டவர்க்கு நாணமாயிற்று. யாருடைய கண்கொண்டு உடலைக் காண்பது என்பதே அங்கு உண்மையான வினா. கெயித்தா பின்னர் அமைச்சருமானார். 1969இல், தாம் பணியாற்றிய அதே ஆட்சியின் சிறையிற் கொல்லப்பட்டார்.

அவர் செய்த பணி பெரிது. எனினும், ஊர் மன்றில் வட்டமாய் நின்று ஆடப்பட்டவை மேடைக்கு வந்தவிடத்துச் சில மணி நேரத்துட் சுருங்கி, காண்போரை நோக்கித் திரும்பி நின்றன. ஆடுவோரும் காண்போரும் ஒருவராகும் நிலை அங்கு இல்லை.

1944இல் இன்றைய பெனின் நாட்டிற் பிறந்து செனகலில் வளர்ந்த ஜெர்மேன் அக்கோஞி வேறு வழி கண்டார். பழைய ஆட்டங்களைத் தொகுத்துக் காட்டுதலோடு அவர் அமையவில்லை. அவற்றை ஆடும் உடலின் இலக்கணம் யாது என ஆராய்ந்தார். அவர் கண்ட விடை முள்ளந்தண்டு. ஐரோப்பிய பலே நடனம் அதனை நிமிர்த்தி, நிலத்தை விட்டு மேலெழ முயல்வது. அக்கோஞியின் முறையிலோ அது பாம்பென நெளியும்; பாதம் தன் பாரத்தை நிலத்துக்குக் கொடுத்து அங்கிருந்தே வலிமை பெறும். மார்பு ஞாயிறு, பிட்டம் திங்கள், அடிவயிற்றின் கீழ் விண்மீன்கள் என்று அவர் கற்பித்தார். நாணத்துக்குரியவை எனப் பிறர் பழித்த உறுப்புகள் இவ்வாறு வானுலகாயின. பாரிசில் ஐரோப்பிய நடனத்தையும் கற்ற அவர் அதனை வெறுத்தாரல்லர் என்பதும் கருதத்தக்கது.

1977இல் அதிபர் செங்கோரும் நடன ஆசிரியர் மொரிஸ் பெஜாரும் தக்கார் நகரில் நிறுவிய பள்ளியை அவர் நடத்தினார். அதன் பெயர் ‘முத்ரா ஆபிரிக்கா’. நம் நாட்டியத்தின் முத்திரை என்னும் சொல்லே பிரசல்ஸ் வழியாக அங்குச் சென்றது! அப்பள்ளி பின்னர் மூடப்பட்டது. 1998இல் துபாப் ஜலாவ் என்னும் கடற்கரை ஊரிற் கணவருடன் மணற்பள்ளியை அமைத்தார். அதன் ஆடரங்கு ஒன்றின் தளம் மணலே. மணலிற் பாதம் புதையும். ஒவ்வோர் அடிக்கும் இடுப்பும் முதுகும் விடை கூறியாகவேண்டும். பல ஆபிரிக்க நாடுகளின் இளைஞர் அங்குப் பயின்றனர். 2021இல் வெனிஸ் நகர்ப் பெருவிழா அவருக்குப் பொற்சிங்க விருது வழங்கிற்று.

எழுபது வயதை எட்டிய காலத்தில் அவர் தனியாடல் ஒன்றை ஆடினார். 1913இல் பாரிசில் அரங்கேறிய ஸ்திராவின்ஸ்கியின் ‘வசந்தச் சடங்கு’ இசைக்குப் பிரெஞ்சுக் கலைஞர் ஒலிவியே துபுவா அமைத்தது அது. மூல ஆடலில், ஓர் இளங்கன்னி பலியாக ஆடி ஆடியே மாள்வாள். அக்கன்னிக்குரிய இடத்தில் இம்முறை நின்றவர் ஆபிரிக்க மூதாட்டி.