துத்தநாகத் தகடும் ஒரு கண்ணாடித் துண்டும்

துத்தநாகத் தகடு ஒன்றை உப்புத்தாளால் பளபளவென்று வரும்வரை தேய்க்க வேண்டும். அதைத் தங்க இலை மின்காட்டியின் உச்சியில் பொருத்தி, எதிர் மின்னூட்டம் கொடுத்தால், உள்ளே தொங்கும் மெல்லிய இலை தண்டை விட்டு விலகிச் சாய்ந்து நிற்கும். சிவப்பு விளக்கு ஒன்றை எவ்வளவு நெருக்கமாகக் கொண்டுவந்தாலும் இலை அசையாது. புற ஊதா விளக்கைக் காட்டினால் மெதுவாக இறங்கத் தொடங்கும். பாதி இறங்கியதும் விளக்குக்கும் தகட்டுக்கும் நடுவே சாதாரண ஜன்னல் கண்ணாடித் துண்டு ஒன்றை நீட்டினால், இலை அப்படியே நின்றுவிடும். கண்ணாடியை விலக்கினால் மறுபடி இறங்கும். தகட்டுக்கு நேர் மின்னூட்டம் கொடுத்துவிட்டு இதையே செய்தால், புற ஊதா விளக்குக்கும் இலை மசியாது.

எல்லாம் சேர்த்து ஐந்து நிமிட வேலை. தமிழ்நாட்டில் பிளஸ் டூ இயற்பியல் படிக்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் இந்த ஐந்து நிமிடத்தைக் கண்ணால் பார்த்திருப்பார்கள்?

பாடம் என்னவோ இருக்கிறது. இரண்டாம் தொகுதியில் ஒளிமின் விளைவு, வெளியேற்று ஆற்றல், பயன்தொடக்க அதிர்வெண், நிறுத்து மின்னழுத்தம் என்று வரிசையாக வருகிறது. பொதுத்தேர்விலும் கேட்கிறார்கள், நீட்டிலும் கேட்கிறார்கள். ‘அதிர்வெண்ணை இரு மடங்காக்கினால் ஒளி எலக்ட்ரானின் பெரும இயக்க ஆற்றல் என்னவாகும்?’ என்று கேட்டால், நன்றாகப் படிக்கும் பிள்ளை பத்து விநாடியில் விடையை டிக் அடித்துவிடும். ‘அந்தக் கண்ணாடித் துண்டு ஏன் இலையை நிறுத்தியது?’ என்று கேட்டால் விழிக்கும். அந்தக் கேள்வி எந்தக் கைடிலும் இல்லை.

இத்தனைக்கும், இந்த விளைவே ஒரு கண்ணாடித் துண்டின் கதையாகத்தான் தொடங்கியது. 1887-ல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் ஹைன்ரிச் ஹெர்ட்ஸ் மின்காந்த அலைகளைத் தேடிக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் பெரிய மின்பொறியை எழுப்பினால், சற்றுத் தள்ளி வைத்த கம்பி வளையத்தின் இடைவெளியில் குட்டிப் பொறி ஒன்று தெறிக்கும். அலை காற்றில் வந்து சேர்ந்ததற்கு அதுதான் சாட்சி. குட்டிப் பொறி கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை என்று அதைச் சுற்றி இருட்டுப் பெட்டி போல ஓர் உறையை வைத்தார். பொறி இன்னும் சிறுத்துப்போனது. பெரிய பொறியின் வெளிச்சம் மறைந்ததால் இப்படி ஆகிறதா என்று கண்ணாடியை வைத்துப் பார்த்தார், அப்போதும் சிறுத்தது. குவார்ட்ஸ் தகட்டை வைத்தபோது சிறுக்கவில்லை. கண்ணாடி தடுத்து குவார்ட்ஸ் விடுவது புற ஊதா ஒளியை. பொறியை நீளச் செய்வது அதுதான் என்று கண்டறிந்து எழுதிவைத்துவிட்டு, விளக்கம் எதுவும் சொல்லாமல் தன் அலை ஆராய்ச்சிக்குத் திரும்பிவிட்டார். 36 வயதில், 1894-ல், எலக்ட்ரான் கண்டுபிடிக்கப்படுவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு இறந்துபோனார்.

ஒளி ஓர் அலை என்ற மேக்ஸ்வெல்லின் கொள்கைக்கு உறுதியான ஆதாரம் தந்த அதே கருவியில்தான், அலைக் கொள்கையால் விளக்க முடியாத விளைவும் முதன்முதலில் தலைகாட்டியது. இயற்பியல் வரலாற்றில் இதைவிடச் சுவாரசியமான இடம் அதிகம் இல்லை. பாடம் நடத்தும்போது இரண்டு நிமிடத்தில் கடந்துபோவதும் இந்த இடத்தைத்தான்.

அலைக் கொள்கைப்படி, வெளிச்சத்தைக் கூட்டினால் எலக்ட்ரான் அதிக வேகத்தோடு வர வேண்டும். மங்கலான ஒளியானால் ஆற்றல் சேரும்வரை உலோகம் காத்திருக்க வேண்டும். இரண்டுமே நடக்கவில்லை. ஒளியைக் கூட்டினால் எலக்ட்ரான்களின் எண்ணிக்கைதான் கூடுகிறது, அதாவது மின்னோட்டம் ஏறுகிறது. ஒவ்வொரு எலக்ட்ரானின் வேகமும் நிறத்தைப் பொறுத்தது. மங்கலான ஒளியிலும் எலக்ட்ரான் உடனே வெளியேறுகிறது.

ரயில் நிலையங்களில் கலர் பல்பு மின்ன நிற்குமே, எடை பார்க்கும் இயந்திரம், அதை நினைத்துக்கொண்டால் போதும். அதற்கு ஒரு ரூபாய் நாணயம்தான் வேண்டும். எட்டணாக் காசு ஒரு மூட்டை கொட்டினாலும் சீட்டு வராது. துத்தநாகம் ஓர் எலக்ட்ரானை விடக் கேட்கும் விலை சுமார் 4.3 எலக்ட்ரான் வோல்ட். சிவப்பு ஒளியின் ஒரு ஃபோட்டானிடம் இருப்பது 2-க்கும் குறைவு. ஊதாவிடம் மிஞ்சிப்போனால் 3.1. எனவே கண்ணுக்குத் தெரியும் ஒளி எவ்வளவு கொட்டினாலும் எட்டணாக் காசுதான். 254 நானோமீட்டர் புற ஊதா ஒளியின் ஃபோட்டானிடம் 4.9 இருக்கிறது. விலை கொடுத்ததுபோக மிச்சம்தான் எலக்ட்ரானின் இயக்க ஆற்றல். 1905-ல் பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே 26 வயது ஐன்ஸ்டைன் எழுதிய சமன்பாடு சொல்வது இவ்வளவுதான். 1921-ம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது இதற்காகத்தான், சார்பியல் கொள்கைக்காக அல்ல.

அமெரிக்காவின் ராபர்ட் மில்லிகனுக்கு இந்த விளக்கத்தில் நம்பிக்கை இல்லை. சோடியம், பொட்டாசியம், லித்தியம் மூன்றையும் வெற்றிடக் குழாய்க்குள்ளேயே கத்தியால் சீவி, புத்தம் புதிய உலோகப் பரப்பில் ஒளியைப் பாய்ச்சி ஆண்டுக்கணக்கில் அளந்தார். 1916-ல் வெளியிட்ட முடிவுகள் ஐன்ஸ்டைனின் நேர்கோட்டில் அச்சாக வந்து உட்கார்ந்தன. அவர் அளந்த பிளாங்க் மாறிலி இன்றைய மதிப்பிலிருந்து ஒரு சதவீதம்கூட விலகவில்லை. அப்போதும் ஃபோட்டான் விளக்கத்தை அவர் ஏற்கவில்லை. அளவு அளவுதான் என்று அச்சில் போட்டார். நம்பாத ஒருவர் தன் கையாலேயே அளந்து, அந்த அளவை ஒப்புக்கொண்ட கதையைவிட, அறிவியல் என்றால் என்ன என்று சொல்லித்தர வேறு என்ன வேண்டும்?

நம் பள்ளி ஆய்வகங்களில் அளப்பதுதான் அருகிவருகிறது. பிளஸ் டூ செய்முறைத் தேர்வுப் பட்டியலில் ஒளிமின் விளைவே கிடையாது. இருக்கும் சோதனைகளுக்கும் பல இடங்களில் பொதுத்தேர்வு நெருங்கும்போதுதான் ஆய்வகக் கதவு திறக்கிறது. ஒருவர் எடுத்த ரீடிங் பத்து நோட்டுகளுக்குப் போகிறது. விடை முன்கூட்டியே தெரியும் என்பதால் ரீடிங்கை விடைக்கு ஏற்ப வளைக்கும் பழக்கம் பதினேழு வயதிலேயே கைவந்துவிடுகிறது. மதிப்பெண் போவதைவிட இதுதான் பெரிய ஆபத்து. போர்ஷனை முடிக்கவே நேரம் போதவில்லை என்று ஆசிரியர்கள் சொல்வதில் நியாயம் உண்டு, பாடச்சுமை கனமானதுதான். ஆனாலும் ஐந்து ரிவிஷன் தேர்வுக்கு இடம் இருக்கும் கால அட்டவணையில் ஐந்து நிமிடத்துக்கு இடம் இல்லை என்பதை ஏற்க முடியவில்லை.

பார்க்காமல் படிப்பதால் வரும் குழப்பம் விடைத்தாளோடு போவதில்லை. மொட்டை மாடி சோலார் பலகையைக் காட்டிக் கேட்டால், ‘ஒளிமின் விளைவு’ என்று பொறியியல் மாணவர்களே சொல்வதுண்டு. பலகையில் எலக்ட்ரான் சிலிக்கானை விட்டு வெளியே வருவதில்லை. உள்ளேயே சுமார் 1.1 எலக்ட்ரான் வோல்ட் இடைவெளியைத் தாண்டி, சந்தியின் மின்புலத்தால் ஒரு பக்கம் தள்ளப்படுகிறது. அந்தி சாய்ந்ததும் தானே எரியும் தெருவிளக்கில் பெரும்பாலும் இருப்பது, ஒளி பட்டால் மின்தடை குறையும் சிறு வில்லை. எலக்ட்ரான் உலோகத்தை விட்டே வெளியேறுவதைப் பார்க்க வேண்டுமானால் பழைய திரையரங்கு புரொஜெக்டருக்குப் போக வேண்டும். ஃபிலிம் ஓரத்து ஒலித்தடத்தின் வழியே வந்த வெளிச்சம் ஒளிமின் கலத்தில் விழுந்து, ஏறி இறங்கும் மின்னோட்டமாகி, ஒலிபெருக்கியில் வசனமாகவும் பாட்டாகவும் வந்தது. இன்று ஜப்பானின் சூப்பர் கமியோகாண்டேயில் 50,000 டன் தண்ணீரைச் சுற்றி 11,000-க்கும் மேற்பட்ட ஒளிப்பெருக்கிக் குழாய்கள் நியூட்ரினோ எழுப்பும் மினுக்கொளிக்காகக் காத்திருப்பதும் இதே விளைவை நம்பித்தான்.

கருவிக்குப் பணம் எங்கே என்ற கேள்வி வரும். புற ஊதா விளக்கு கண்ணையும் தோலையும் பாதிக்கும் என்பதும் உண்மை; ஆசிரியர் மட்டுமே, மறைப்பு வைத்துக் கையாள வேண்டியது அது. ஆனால் அதற்குக்கூடக் காத்திருக்க வேண்டாம். பி-என் சந்தி டையோடு சோதனை ஏற்கெனவே செய்முறைப் பட்டியலில் இருக்கிறது. மின்வழங்கி, வோல்ட்மீட்டர், மில்லி அம்மீட்டர் எல்லாம் மேசை மேலேயே இருக்கும். டையோடு இருந்த இடத்தில் தெருக்கோடி எலெக்ட்ரிக்கல் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் சிவப்பு எல்.இ.டி.யைத் தடையோடு பொருத்தி, அறையை இருட்டாக்கி, மின்னழுத்தத்தை மெல்லக் கூட்டினால், 1.7 வோல்ட் பக்கத்தில் மினுக்கென்று எரியும். நீலம் 2.5 வோல்ட் பக்கம் வந்தால்தான் கண் திறக்கும். இது ஒளிமின் விளைவு அல்ல, அதன் எதிர்ப்பயணம்: இங்கே எலக்ட்ரானின் ஆற்றல் ஒளியாகிறது. ஆனால் நிறத்துக்கு ஒரு விலை உண்டு என்பது விரல் நுனியில் தெரிந்துவிடும். நான்கு நிறத்துக்கு அளந்து வரைபடம் போட்டால், பிளாங்க் மாறிலிக்குப் பக்கத்தில் ஓர் எண் கிடைக்கும். துல்லியமாக வராது. ஏன் வரவில்லை என்று பிள்ளைகள் சண்டை போடட்டும்.

பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினம். பேச்சுப் போட்டிக்குப் பட்டியல் தயாரிக்கும் இயற்பியல் ஆசிரியர்கள் இந்த ஆண்டு அதில் ஒரு மணி நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். ஆய்வகச் சாவியையும்.