இருதயத்தினுள் ஒரு கட்டி

உடலின் எப்பகுதியிலும் கட்டி வளரக்கூடும் என்பது யாவரும் அறிந்ததே. ஆனால் ஓயாது துடிக்கும் இருதயத்தின் உள்ளேயும் கட்டி வளரும் என்பதைக் கேள்விப்பட்டோர் சிலரே. இருதயத்திலேயே தோன்றும் கட்டிகள் மிக அரிது. அவற்றுள் 'மிக்சோமா' எனப்படுவது வளர்ந்தோரிடம் கூடுதலாகக் காணப்படுவதாகும். இது புற்றுநோயன்று, ஆயினும் இருக்கும் இடத்தினால் உயிருக்கு ஆபத்தானது.

நுரையீரலில் சுத்தமடைந்த இரத்தம் இருதயத்தின் இடது மேலறைக்கு வந்து, 'மிட்ரல்' வால்வின் வழியாகக் கீழறைக்கு இறங்குகிறது. மிக்சோமாக்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இந்த இடது மேலறையிலேயே உண்டாகின்றன. பெரும்பாலும் இரு மேலறைகளையும் பிரிக்கும் சுவரிலிருந்து ஒரு காம்பினால் தொங்கும் இக்கட்டி, கூழ் போன்று மென்மையானது. துடிப்புக்குத் துடிப்பு ஊசலாடி, சில வேளைகளில் வால்வின் வாயிலையே அடைத்துவிடும்.

அப்போது மூச்சுத் திணறலும் தலைச்சுற்றும் மயக்கமும் வரலாம். கட்டியின் துணுக்கு ஒன்று கழன்று இரத்தத்துடன் மூளைக்குச் சென்றால் பாரிசவாதம் ஏற்படும். வேறு சிலருக்குக் காரணம் தெரியாத காய்ச்சலும் மூட்டு வலியும் உடல் மெலிவுமே காணப்படும். ஆகவே இதனை வாதக் காய்ச்சலால் வந்த வால்வு நோயென்றோ, இருதயத்தில் கிருமித் தொற்றென்றோ எண்ணிவிட இடமுண்டு.

முன்னாளில் இந்நோய் பெரும்பாலும் மரணத்தின் பின் நடத்தும் பரிசோதனையிலேயே தெரியவந்தது. 1953இல் இரண்டு முன்னேற்றங்கள் நிகழ்ந்தன. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் டாக்டர் ஜோன் கிப்பன், இருதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் தற்காலிகமாக ஏற்கும் இயந்திரத்தைக் கொண்டு முதன்முதலில் வெற்றிகரமாகச் சத்திரசிகிச்சை செய்தார். சுவீடனின் லுண்ட் நகரில் டாக்டர் எட்லரும் பௌதிகவியலாளர் ஹேர்ட்ஸும், உலோகத்தில் விரிசல் கண்டறியப் பயன்பட்ட ஒலி அலைக் கருவியைக் கொண்டு இருதயத்தின் அசைவைப் பதிவு செய்தனர். இதுவே இன்றைய 'எக்கோ' பரிசோதனையின் தொடக்கம். அடுத்த ஆண்டே, 1954இல், ஸ்ரொக்ஹோமில் டாக்டர் கிராபோர்ட் அத்தகைய இயந்திரத்தின் துணையுடன் ஒரு பெண்மணியின் இருதயத்திலிருந்து மிக்சோமாவை அகற்றி வெற்றி கண்டார்.

இன்று எக்கோ பரிசோதனையில் கட்டியின் அளவும் அசைவும் காம்பும் திரையில் தெரிகின்றன. ஐயமிருப்பின் உணவுக் குழாய் வழியாகச் செய்யும் எக்கோவும் எம்.ஆர்.ஐ. படமும் உதவும். அதே அறையில் உறைந்த இரத்தக் கட்டியும் தோன்றக்கூடுமாதலால் இரண்டையும் பிரித்தறிதல் அவசியம். உறைந்த இரத்தம் மருந்தினால் கரையலாம், மிக்சோமா கரையாது. அதற்குச் சத்திரசிகிச்சை ஒன்றே வழி. கட்டி எவ்வேளையிலும் சிதறலாம் என்பதால் வைத்தியர்கள் அதனைத் தாமதிப்பதில்லை. காம்புடன் அது பற்றியிருக்கும் சுவர்ப் பகுதியையும் வெட்டியெடுத்து, துவாரத்தைத் தைத்தோ ஒட்டுப் போட்டோ மூடுகின்றனர். பெரும்பாலானோர் பூரண சுகமடைகின்றனர். கட்டி மீண்டும் வளர்வது அபூர்வமெனினும், அவ்வப்போது எக்கோ பார்த்துக்கொள்வது நன்று. சில குடும்பங்களில் இது பரம்பரையாக வருவதுண்டு. அத்தகைய குடும்பத்தில் பெற்றோர், பிள்ளைகள், சகோதரர் யாவரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

இந்நோயைக் காட்டிக்கொடுக்கும் அறிகுறி ஒன்றுண்டு. படுக்கும்போதோ, எழும்போதோ, ஒரு பக்கம் திரும்பும்போதோ மூச்சுத் திணறலும் மயக்கமும் கூடிக் குறையலாம். உடல் அசையும்போது கட்டியும் இடம் மாறுவதே காரணம். நம் முதியோர் பலர் வைத்தியரிடம் பிள்ளைகளின் வாயிலாகவே பேசுகின்றனர். "அம்மாவுக்குக் களைப்பு" என்று பிள்ளை சுருக்கிச் சொன்னால் அந்த அறிகுறி அங்கேயே மறைந்துபோகும். எப்போது வந்தது, எப்படி இருக்கையில் வந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது என்பவற்றைத் தாயிடம் பொறுமையாகக் கேட்டு, ஒன்றும் விடாமல் வைத்தியருக்குச் சொல்வது பிள்ளைகளின் கடமை. கட்டியை எக்கோ காட்டும். ஆனால் எக்கோ எடுக்க வேண்டுமென்று வைத்தியருக்குத் தோன்றச் செய்வது நோயாளியின் சொல்லே.