இலையின் வாயில்கள்

எளாவூர்க்குக் கிழக்கே பழவேற்காட்டு உப்பேரி பரந்து கிடக்கின்றது. நீர் இத்துணை நிறைந்திருந்தும், அதன் கரையில் முளைப்பன பாலைநிலத்துச் செடிகளின் கோலம் பூண்டிருத்தல் வியப்பன்றோ? உமரியின் இலை சதைப்பற்றுடன் திரண்டுளது. சவுக்கோ இலையே இலதுபோல் நிற்கின்றது. உப்புநீரை வேர் ஈர்த்தல் அரிது. ஆதலின் ஈர்த்ததைச் செட்டாகச் செலவிடல் வேண்டும். அச்செலவு பெரிதும் நிகழுமிடம் இலைத்துளையாம்.

துளையென்றதும் ஊசி குத்திய ஓட்டை போலுமென யாமும் எண்ணியிருந்தோம். தாவரநூல் பயிலும் நண்பர் பூதக்கண்ணாடியிற் காட்டிய பின்னரே, அஃது இரு கதவுடைய வாயிலென உணர்ந்தோம். அவரைவிதை போன்ற இரண்டு காப்பணுக்கள் எதிரெதிரே அமைந்துள்ளன. வெயில் படவே பொட்டாசியம் அவற்றுட் புகும். அதனைத் தொடர்ந்து நீரும் புகும். அணுக்கள் புடைத்து வில்லென வளைய, இடையே வாயில் திறக்கும். நீர் குறையின் அப்சிசிக் அமிலம் தோன்றிப் பொட்டாசியத்தை வெளியேற்ற, அணுக்கள் தளர்ந்து வாயில் மூடும். தாவரத்துக்கு ஊறுணர்வு ஒன்றே உண்டென்றார் தொல்காப்பியர். ஒளியையும் வறட்சியையும் அறியும் இவ்வணுக்களைக் கண்டிருப்பின் யாது கூறியிருப்பாரோ!

திறவாதிருந்தாலென்ன எனின், உணவில்லை. இலை உண்ணும் கரியமிலவாயு காற்றில் 10,000 பங்கிற்கு ஏறக்குறைய 4 பங்கே உள்ளது. அதனைப் பெறத் திறந்த வாயில்வழியே நீராவி ஓடிவிடுகின்றது. வேர் ஈர்க்கும் நீரில் 100க்கு 90 பங்கிற்கு மேல் இவ்வாறே போகும். ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலக் குருவானவர் 1724ஆம் ஆண்டிற் சூரியகாந்திச் செடியொன்றைத் தொட்டியோடு காலையும் மாலையும் நிறுத்து, அது பகலிற் சராசரி 20 அவுன்சு நீர் இழப்பதைக் கண்டார். பனி பெய்த இரவிலோ இழப்பேயில்லை.

இனி நம் கரையைக் காண்க. சவுக்கின் ஊசிகள் இலையல்ல, மெல்லிய கிளைகளே; துளைகள் அவற்றின் நெடும்பள்ளங்களுள் ஒளிந்துள்ளன. நெய்தற்பாட்டிற் பயின்ற கண்டலின் இனத்ததாகிய வெண்கண்டலிலோ துளைகள் இலையின் அடிப்புறத்து நரைமயிர்ப் போர்வையின் கீழுள்ளன. புகுந்த உப்பை இலையே வெளித்தள்ளும். நாவில் வைப்பின் கரிக்கும். நன்னீரில் மிதக்கும் அல்லியிலைக்குத் துளைகள் மேற்புறத்தே அமைந்திருத்தலையும் ஒப்புநோக்குக.

வாயிலைச் சுருக்கினால் நீர் மிஞ்சும், உணவோ குறையும். உப்பங்கரையிற் கண்டல் மெல்ல வளர்தற்கு இதுவும் ஒரு காரணம். விறகுக்கென ஒரு பகலில் வெட்டிய மரம் மீளத் தழைக்க ஆண்டுகள் பல செல்லும். அதுவரை அதன் வேரிடை ஒதுங்கும் இறாற்குஞ்சுகளுக்கு அங்கே இடமில்லை.