மலைச்சரிவில் ஒரு கொல்லைப்புறம்

நான் பிறந்து வளர்ந்தது பழனி அடிவாரத்தில். வாழ்க்கைப்பட்டு வந்தது கொடைக்கானலுக்கு. இரண்டு ஊருக்கும் நடுவே மலைப்பாதையில் சுமார் 65 கிலோ மீட்டர்தான். ஆனால் கொல்லைப்புறம் என்றால் அங்கே ஓர் அர்த்தம், இங்கே வேறு அர்த்தம். எங்கள் அம்மா வீட்டில் கொல்லை என்பது சமதரை. ஒரு முருங்கை, நாலு வாழை, துவைக்கிற கல், துளசி மாடம். தண்ணீரைக் கொட்டினால் கொட்டின இடத்திலேயே இருக்கும். சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கும் இந்த ஊரிலோ கொல்லை என்பது சரிவு. கொட்டின தண்ணீர் உடனே ஓட ஆரம்பித்துவிடும். யார் வீட்டுக்கு ஓடுகிறது என்பதுதான் கேள்வி.

எங்கள் வீட்டுக் கொல்லை சமையலறைச் சுவரை ஒட்டி மேலே ஏறிப் போகிறது. போன வருஷம் ஐப்பசி அடைமழையில் மேலிருந்து சேறு இறங்கிச் சமையலறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு அப்பிக்கொண்டது. சுவரின் உள்பக்கம் ஈரம் ஏறி, அரிசி டின் வைக்கிற இடமெல்லாம் பூசணம். மறுநாள் காலையில் கீழ் வீட்டு அக்கா வாசலில் வந்து நின்றார்கள். சண்டைக்கு வரவில்லை. "ஏம்மா, ராத்திரி உங்க வீட்டுத் தண்ணி எங்க அடுப்படி வரைக்கும் வந்துருச்சும்மா. பேரப்பிள்ளை தவழ்ற இடம். ஏதாச்சும் பண்ணுங்கம்மா" என்றார்கள். சண்டை போட்டிருந்தால்கூட மனசு இவ்வளவு சங்கடப்பட்டிருக்காது.

எங்கள் பெண் தலைப்பிரசவத்துக்கு ஆடியில் வருவதாக ஏற்பாடு. அதற்குள் கொல்லையைச் சரி பண்ணியாக வேண்டும். ஒரு காண்ட்ராக்டரைக் கூப்பிட்டுக் காட்டினோம். முழுக்க சிமெண்ட் சுவர், முழுக்க சிமெண்ட் தரை என்று ஒரு தொகை சொன்னார். அதைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டார். சரி, நாமே செய்வோம், கல் கட்ட மட்டும் ஆள் வைப்போம் என்று முடிவாயிற்று.

முதல் வேலை கடப்பாரையில் இல்லை சகோதரிகளே, குடையில்! மழை பெய்யும்போது குடை பிடித்துக்கொண்டு கொல்லையில் நின்று தண்ணீர் எந்த வழியாக வருகிறது, எங்கே தேங்குகிறது, எங்கே மண்ணை அரிக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்த இடங்களில் நான் பழைய குச்சிகளை நட்டு வைத்தேன். மழை விட்ட பிறகு நம் கண்ணுக்கு எல்லா இடமும் ஒன்றுபோலத்தான் தெரியும். குச்சி மறக்காது.

பிறகு அளவு. நீளம் 40 அடி, சமையலறைச் சுவரிலிருந்து பின்வேலி வரை 24 அடி. சரிவு எத்தனை அடி ஏறுகிறது என்று அளக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு நேரான சட்டத்தை மேட்டில் ஒரு முனை படும்படி வைத்து, அதன் மேல் ரசமட்டத்தை வைத்துச் சமன் பார்த்து, மறு முனைக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை டேப்பால் அளந்துகொண்டே கீழே இறங்க வேண்டியது. கூட்டிப் பார்த்தால் மொத்தம் 5 அடி வந்தது. என் மகனின் கணக்கு நோட்டில் ஒரு கட்டம் ஓர் அடி என்று வைத்து வரைந்தோம். அந்த ஒரு தாள்தான் எங்கள் இன்ஜினியர்.

இதில் இன்னொன்றையும் குறித்துக்கொண்டோம். கூரைத் தண்ணீர். 100 சதுர அடி கூரையில் 1 அங்குல மழை விழுந்தால் சுமார் 235 லிட்டர் தண்ணீர் வரும். எங்கள் கூரை 600 சதுர அடி. அப்படியானால் ஓர் அங்குல மழைக்கே சுமார் 1,400 லிட்டர், அதாவது குடத்துக்கு 15 லிட்டர் என்றால் 90 குடத்துக்கு மேல்! இத்தனையும் ஒரு மூலையில் கொட்டினால் கீழ் வீட்டு அக்கா என்ன செய்வார்கள் பாவம்.

பூம்பாறைக்குப் போயிருப்பவர்கள் பார்த்திருப்பீர்கள். மலையையே படிப்படியாக வெட்டி, ஒவ்வொரு படியிலும் பூண்டும் காரட்டும் உருளையுமாக இருக்கும். சரிவில் ஓடுகிற தண்ணீருக்கு வேகம் வராமல் இருக்கத்தான் அந்தப் படிகள். அதையே சின்ன அளவில் வீட்டில் செய்வது என்று வைத்துக்கொண்டோம். சமையலறையை ஒட்டி 6 அடிக்குச் சமதரை முற்றம். பிறகு இரண்டரை அடிக்கு ஒரு கல்சுவர், அதன் மேல் 8 அடி அகலத்தில் ஒரு படி. மறுபடி இரண்டரை அடிச் சுவர், மறுபடி 8 அடிப் படி. சுவருக்கு ஓர் அடி கனம் வைத்தால் 24 அடி சரியாகப் போய்விட்டது.

சிமெண்ட் இல்லாமல் கல்லை மட்டும் அடுக்கிக் கட்டுகிற சுவர் இது. வில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். தரையில் அரையடி பள்ளம் பறித்து, இருப்பதிலேயே பெரிய கற்களை அடியில் போட வேண்டும். மேலே போகப் போகச் சுவர் மேட்டின் பக்கம் லேசாகச் சாய வேண்டும். ஒரு கல்லின் மூட்டு மேலே உள்ள கல்லுக்கு நடுவில் வர வேண்டும். சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு சாண் அகலத்துக்குச் சின்னக் கல், ஜல்லி. அவர் சொன்னார்: "சொவரைத் தள்றது மண்ணில்லைம்மா, தண்ணிதான். தண்ணிக்கு வழி விட்டுட்டா சொவரு நிக்கும்." சிமெண்ட் சுவர்தான் வேண்டும் என்கிறவர்களும் நாலு அடிக்கு ஒரு குழாய்த் துண்டாவது அடியில் செருகி வைக்கத்தான் வேண்டும். இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் பின்னால் தேங்கிச் சுவரையே தள்ளிவிடும்.

மூன்று அடிக்கு மேல் உயரம் வேண்டுமென்றால் நாமே அடுக்கக் கூடாது. அதற்குத் தெரிந்தவர்களைத்தான் கூப்பிட வேண்டும். ஒரே உயரச் சுவருக்குப் பதில் இரண்டு குட்டைச் சுவராகப் பிரித்ததே அதனால்தான். சுவரின் காலடியில் மண்ணைப் பறிக்கக் கூடாது என்பதும் முக்கியம்.

வெட்டும்போது மேலாக இருக்கிற கறுப்பு மண்ணைத் தனியாகக் குவித்துச் சாக்கைப் போட்டு மூடி வைத்தோம். அது பொன். அடியில் வரும் மஞ்சள் மண்ணில் ஒன்றும் விளையாது. படி தயாரானதும் கறுப்பு மண்ணை மறுபடி மேலே பரப்பினோம். கல் கட்டுக்கு நாலு ஆள் கூலியும், இரண்டு நடை கல்லும்தான் வெளிச் செலவு. மண் சுமந்தது என் வீட்டுக்காரர், மகன், நான் மூன்று பேரும். மலைப் பகுதியில் மண் வெட்டும் இயந்திரம் கொண்டுவர அனுமதி வாங்க வேண்டும் என்பதால் அந்த யோசனைக்கே நாங்கள் போகவில்லை.

தண்ணீருக்கு இரண்டு வாய்க்கால். ஒன்று உச்சியில், வேலி ஓரமாக. மேலேயிருந்து வரும் தண்ணீரை அங்கேயே மடக்கிப் பக்கவாட்டில் கொண்டுபோய்விட. மற்றது முற்றத்தில், சுவரின் அடியில். இரண்டும் வீட்டைச் சுற்றித் தெருச் சாக்கடையில் சேர்கின்றன. முற்றத்தின் தளத்தை வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கம் லேசாகச் சாய்த்துப் போட்டோம். வேலை ஆரம்பிக்கும் முன் கீழ் வீட்டு அக்காவைக் கூப்பிட்டு நோட்டில் வரைந்ததைக் காட்டினேன். "இந்த மூலையில எங்க தண்ணித் தொட்டி இருக்கு, இங்க விடாதீங்க" என்றார்கள். வாய்க்காலை இன்னும் ஐந்து அடி தள்ளிக்கொண்டோம்.

மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலிருந்து கட்டாயம். சமதரை ஊர்களில் உறிஞ்சு குழி தோண்டுவது நல்லது. ஆனால் சரிவில் கல்சுவருக்குப் பின்னால் குழி தோண்டினால் தண்ணீர் மண்ணை ஊற வைத்து எல்லாவற்றையும் கீழே இழுத்துக்கொண்டு வந்துவிடும். அதனால் நாங்கள் கூரைத் தண்ணீரை இரண்டு டிரம்மில் பிடிக்கிறோம். நிரம்பி வழிவது வாய்க்காலுக்கு. டிரம்முக்கு இறுக்கமான மூடி அவசியம். குழந்தை எட்டிப் பார்க்கிற பயம் ஒன்று, கொசு ஒன்று. டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும்.

இனி எதை எங்கே வைப்பது? எல்லோரும் செடியில் ஆரம்பிக்கிறார்கள். நான் துணிக் கொடியில் ஆரம்பித்தேன். மூடுபனி ஊரில் வெயில் விழுகிற இடம் தங்கத்துக்குச் சமம். பச்சைக் குழந்தையின் துணி காயாவிட்டால் வீடே ஈர வாடை அடிக்கும். மார்கழி, தையில் சூரியன் தெற்கே தள்ளிப் போகும். அப்போது தெற்கில் உயரமாக எது இருந்தாலும் அதன் நிழல் கொல்லை முழுக்க நீளும். ஆகவே தெற்கு ஓரத்தை வெறுமையாக விட்டு, மேல் படியில் கொடி கட்டினோம். பந்தலும் மரமும் வடக்குப் பக்கம்.

மேலே ஏற அரையடி உயரம், ஓர் அடி அகலத்தில் 10 படிக்கட்டு. ஒரு பக்கம் கைப்பிடிக் குழாய். எங்கள் அத்தைக்கு முழங்கால் வலி. பெண்ணும் நிறைமாதத்தில் ஏற வேண்டும். பாசி பிடிக்காமல் இருக்க வழுவழு கல்லைத் தவிர்த்துச் சொரசொரப்பான கல்லாகப் போடச் சொன்னேன். அத்தை உட்கார ஒரு கல் பெஞ்சு, சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும்படி. குழந்தை விளையாடுவதும் அந்த முற்றத்தில்தான். பால் பொங்குகிறதா, பிள்ளை என்ன செய்கிறது, இரண்டையும் ஒரே இடத்திலிருந்து பார்க்க வேண்டாமா?

மே மாத மலர்க்கண்காட்சியில் பிரையண்ட் பூங்காவைப் பார்த்துவிட்டு வீட்டையும் அப்படி ஆக்க ஆசைப்படாதவர்கள் கிடையாது. 1908-இல் பிரையண்ட் என்ற வனத்துறை அதிகாரி அமைத்த தோட்டம் அது, 20 ஏக்கர். மாதக்கணக்கில் முன்பே நட்டு, ஆள் வைத்துப் பராமரிக்கிறார்கள். நமக்கு அது கட்டாது. எனக்கு ரோஜா இரண்டு போதும். மற்ற இடமெல்லாம் காய்க்கட்டும்.

முருங்கையும் வாழையும் இந்தக் குளிருக்கு வராது. அந்த ஏக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. ஆனால் சௌசௌ வருகிறதே! முளை விட்ட முழுக் காயை அப்படியே பாதி மண்ணில் புதைத்துப் பந்தல் போட்டுவிட்டால் தெருவுக்கே கொடுக்கலாம். கீழ்ப் படியில் காரட், பீட்ரூட், நூல்கோல், பீன்ஸ், ஓர் ஓரத்தில் மலைப்பூண்டு. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்ததில் எங்கள் அத்தைக்கு ஏதோ தானே பரிசு வாங்கினதுபோலப் பெருமை. பிரசவமான பெண்ணுக்குப் பூண்டுக் குழம்பு வைக்கக் கடைக்குப் போக வேண்டாமே. வடக்கு மூலையில் ஒரு பிளம்ஸ், ஒரு மரத்தக்காளி. மலை மண் புளிப்புத் தன்மை உள்ளது. மண்ணைப் பரிசோதித்து, சொல்லுகிற அளவு சுண்ணாம்பு போட்டால் காய்கறி தேறும்.

சில செடிகளைப் பிடுங்கியும் எறிந்தோம். எக்காளம்போல் பெரிய பூவாகத் தலைகீழாகத் தொங்குமே, இந்த ஊர் வேலிகளில் நிறைய, அது ஊமத்தைக்கு உறவு; பூவிலிருந்து விதை வரை விஷம். வாய்க்கால் ஓரத்தில் தானாக வரும் வெள்ளை லில்லியைக் குழந்தை கடித்தால் நாக்கும் தொண்டையும் வீங்கும். கீழ்நாட்டில் உள்ளவர்கள் அரளியையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மண் வேலை செய்பவர்கள் ரண ஜன்னி ஊசி போட்டிருக்க வேண்டும். கர்ப்பிணிகள் பூனை அசிங்கம் பண்ணுகிற மண்ணை வெறுங்கையால் தொடக் கூடாது. அதில் வரும் ஒரு கிருமி வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கும். எங்கள் பெண்ணிடம் "நீ பெஞ்சில் உட்கார்ந்து அதிகாரம் மட்டும் பண்ணு" என்று சொல்லிவிட்டேன்.

உச்சியில் மூன்று சவுக்குபோல் நிற்பவை வாட்டில் மரங்கள். வெள்ளைக்காரர் காலத்தில் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தவை. வேர் ஆழம் போகாது. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் வந்தபோது இந்த ஊரில் எத்தனையோ மரங்கள் சாய்ந்ததைப் பார்த்திருக்கிறோம். ஒரு மரம் வீட்டுப் பக்கம் சாய்ந்து நிற்கிறது. ஆனால் மலைப் பகுதியில் சொந்த நிலத்து மரமானாலும் அனுமதியில்லாமல் வெட்ட முடியாது. 1955-ஆம் வருஷத்துச் சட்டம் அது. மனு எழுதிக் கொடுத்திருக்கிறோம். அதுவரை புதிதாக முளைக்கும் வாட்டில் கன்றுகளை மட்டும் கையால் பிடுங்குகிறேன்.

காட்டுமாட்டுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். இந்த ஊரில் அது கடைத்தெருவிலேயே நடக்கிறது. நம் வேலி அதற்கு ஒரு பொருட்டா? காய்கறித் தோலை வெளியே கொட்டுவதை நிறுத்தி, மூடி உள்ள தொட்டியில் போட்டு உரமாக்குகிறோம். குளிரில் மக்க நாளாகும், பரவாயில்லை. ராத்திரி சத்தம் கேட்டால் யாரும் கதவைத் திறப்பதில்லை. ஒரு தடவை வந்து பீட்ரூட் பாத்தியை மிதித்துவிட்டுப் போனது. சுவரில் இரண்டு கல் சரிந்தது. காலையில் நானே எடுத்து அடுக்கிவிட்டேன்.

இதே வேலையை எடுக்க நினைப்பவர்கள் தையில் ஆரம்பியுங்கள். பங்குனி வரை மழை குறைவு, மண் இறுகி இருக்கும். சித்திரைக் கோடை மழைக்கு நட்டுவிடலாம். ஐப்பசிக்குள் வேர் பிடித்துவிடும். எங்களுக்குக் கீழ்ப் படி முடிந்து, மேல் படியில் இன்னும் பத்தடிச் சுவர் பாக்கி. கல் வண்டி நாளைக்கு வருகிறது.